பட்டை ஏற்றினால் பிரேக் இறங்கும்

(வீராம்பட்டினத்தில் மீன் வண்டி உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரேக்கைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். நான் பாதி நேரம் ஸ்பிரிங்கைப் பற்றித்தான் பேசப் போகிறேன். உங்கள் வண்டியில் இரண்டும் தனித்தனிச் சாமான் இல்லை. பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டீர்களா, அன்றைக்கே பின் பிரேக்கையும் மாற்றிவிட்டீர்கள். பிரேக் பக்கம் ஒரு ஸ்பானர்கூடப் படாமலே. இதை விளக்கத்தான் வந்திருக்கிறேன்.

பட்டை ஏன் போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைக் குற்றமாகச் சொல்ல நான் வரவில்லை. மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் போட்டால்தான் நம் வெயிலில் தாங்கும். அப்படியென்றால் வண்டி சுமப்பதில் பாதி ஐஸ். வாடகை கிடைப்பதோ மீனுக்கு மட்டும். நடைக்கு இவ்வளவு என்று பேசிய பிறகு இன்னும் நாலு பெட்டி ஏற்றச் சொன்னால் மறுக்க முடிவதில்லை. பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, ஸ்பீடு பிரேக்கரில் பின் அச்சு ஹவுசிங் போய் ரப்பர் கட்டையில் இடிக்கிறது. பட்டறைக்குப் போனால், "ரெண்டு பட்டை சேத்துடலாம்ணே" என்கிறார்கள். சேர்த்ததும் வண்டி நிமிர்ந்து நிற்கிறது, லோடு ஏற்றினாலும் தாழ்வதில்லை. பார்க்க அழகாக இருக்கிறது. சிக்கல் அந்த அழகில்தான் இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம், கூட்டல் கழித்தல்தான். ஒரு பிக்கப்பை வைத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனி வண்டியும் இல்லை, நான் முழு எண்ணாகப் போட்டுக்கொண்டது. வெறும் வண்டி 1,700 கிலோ. நிற்கும்போது முன் அச்சில் 950, பின் அச்சில் 750. அதில் மீனும் ஐஸுமாக 1,200 கிலோ ஏற்றுகிறோம். தொட்டி ஏறக்குறையப் பின் அச்சுக்கு மேலேயே இருப்பதால் 1,100 கிலோ பின்னால் போகும், 100 கிலோதான் முன்னால் வரும். இப்போது மொத்தம் 2,900. முன்னால் 1,050, பின்னால் 1,850.

பிரேக்கை அழுத்தும்போது எடை முன்னால் சாயும். உங்கள் உடம்பே அதைச் சொல்லும். எவ்வளவு சாயும் என்பது நான்கைப் பொறுத்தது: வண்டியின் எடை, வேகம் குறைகிற கடுமை, எடையின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி எவ்வளவு. அச்சு இடைவெளி 3 மீட்டர். எடை மையம் வெறும் வண்டியில் 70 சென்டிமீட்டர் உயரம், லோடோடு 90. பூமி இழுக்கும் விசையில் பத்தில் ஆறு பங்கு என்று சொல்லும்படி நன்றாகவே பிரேக் போடுகிறோம். வெறும் வண்டியில் 238 கிலோ முன்னால் போய்விடும். பின் சக்கரங்களில் மிஞ்சுவது 512 கிலோ. லோடு வண்டியில் 522 கிலோ முன்னால் போனாலும் பின்னால் 1,328 கிலோ நிற்கும்.

ஒரே வண்டி, ஒரே பெடல், ஒரே டிரம். ஆனால் வெறும் வண்டியில் பின் டயர் தரையை அழுத்துவதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் லோடு வண்டியில் அழுத்துகிறது. காரில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக வராது. பிக்கப்பில்தான் இந்தப் பிரச்சினை முழு உருவத்தில் இருக்கிறது.

இப்போது வண்டியை வடிவமைக்கிறவரின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். லோடுக்கு ஏற்றபடி பின் பிரேக்கைப் பலமாக வைத்தால், வெறும் வண்டியாகத் திரும்பும்போது பின் சக்கரம் சட்டென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிய டயருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கிடையாது. வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும், வண்டி சுழலும். முன் சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, அதுவும் ஆபத்துதான். ஆனாலும் வண்டி நேராகப் போகும். அதனால்தான் ஐரோப்பியப் பிரேக் விதியான ஆர்13, பின் அச்சு முன் அச்சுக்கு முந்திப் பூட்டக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் 1980 மாடல் எக்ஸ் வகைக் கார்கள், கிட்டத்தட்ட 11 லட்சம் வண்டிகள், பின் சக்கரம் முந்திப் பூட்டுகிறது என்று 1983-இல் அந்த நாட்டு அரசே வழக்குப் போட்டது. 1987-இல் அரசு தோற்றது, நிரூபிக்க முடியவில்லை. ஒரு அரசாங்கமே ஆய்வாளர்களை வைத்துக்கொண்டு இந்தக் குறையை நீதிமன்றத்தில் நிலைநாட்டத் திணறியிருக்கிறது என்றால், விபத்து நடந்த இடத்தில் சக்கரத் தடத்தைப் பார்த்து நாம் எதைச் சொல்லிவிட முடியும்?

பழைய ஜீப்களில் முன்னுக்கு இவ்வளவு, பின்னுக்கு இவ்வளவு என்று ஒரே பங்கீடுதான். லோடு வண்டிகளுக்கு வேறு வழி கண்டுபிடித்தார்கள். அதுதான் எல்.எஸ்.பி.வி. எனப்படும் லோடு சென்சிங் புரொப்போர்ஷனிங் வால்வு. பட்டறையில் லோடு வால்வு என்பார்கள். நம் ஊரில் ஓடும் தோஸ்த், பொலிரோ பிக்கப் வகை வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

பின்பக்கம் அடியில் படுத்துப் பாருங்கள். பின் ஹவுசிங்குக்குக் கொஞ்சம் முன்னால், சேஸிஸின் உள்பக்கத்தில் கைக்குள் அடங்கும் அளவில் ஒரு வார்ப்பு இரும்புச் சாமான் போல்ட் போட்டு நிற்கும். இரண்டு மூன்று பிரேக் குழாய்கள் அதற்குள் போய் வரும். அதிலிருந்து ஒரு நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். நெம்புகோலின் நுனியை ஒரு கம்பியோ சுருள் ஸ்பிரிங்கோ கீழே ஹவுசிங்கோடு இணைத்திருக்கும். வால்வு சேஸிஸில், கம்பி அச்சில். லோடு ஏற ஏறச் சேஸிஸ் இறங்கும், அச்சு அங்கேயே நிற்கும், இடைவெளி குறையும், நெம்புகோல் நகரும். வால்வுக்கு எடை என்று ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த இடைவெளிதான்.

உள்ளே என்ன நடக்கிறது? ஒரு படி வைத்த பிஸ்டன் இருக்கிறது, ஒரு முனை சிறியது, மறுமுனை பெரியது. பெடலை லேசாக அழுத்தும்வரை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தம் அப்படியே பின் சக்கரத்துக்குப் போகும். ஒரு அளவைத் தாண்டியதும் பெரிய முனையில் ஏறும் விசை பிஸ்டனைத் தள்ளி வழியை அடைக்கும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு மிதித்தாலும் பின்னால் போவது அந்த இரு முனைகளின் விகிதத்தில் குறைந்துதான் போகும். நெம்புகோல் பிஸ்டனை எதிர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லோடு கூடினால் அந்தப் பிடி இறுகும், வழி அடைபடுவது தள்ளிப்போகும், பின் டிரம்முக்கு அழுத்தம் தாராளமாகக் கிடைக்கும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆடி மாதம் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும்போது வடம் பிடிக்க ஆளுநரே வருகிறார். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. எல்லார் கண்ணும் வடத்தின் மேல் இருக்கும். சக்கரத்தோரம் முட்டுக்கட்டையோடு ஓடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? தேர் எவ்வளவு வேகத்தில் வருகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணால் அளந்து, கட்டையை எவ்வளவு உள்ளே தள்ளலாம் என்று முடிவு செய்கிறவர் அவர்தான். லோடு வால்வு செய்வது அவருடைய வேலையைத்தான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. அங்கேயும் கட்டை போடுகிறவர்கள் தேரை விட்டு விலகிவிடவில்லை.

இனி பட்டைக்கு வருவோம். கம்பெனி போட்ட பட்டைகளோடு ஒரு டன் ஏற்றினால் பின்பக்கம் நாலு விரல் அளவு இறங்குகிறது என்று வையுங்கள். வால்வை அமைத்தவர் அந்த நாலு விரலை நம்பித்தான் அமைத்திருக்கிறார். நீங்கள் இரண்டு பட்டை சேர்த்த பிறகு அதே ஒரு டன்னுக்கு ஒரு விரல்தான் இறங்குகிறது. போதாக்குறைக்கு வெறும் வண்டியே முன்னைவிட உயரமாக நிற்கிறது. ஆக, கழுத்துவரை ஏற்றிய வண்டியைப் பார்த்து வால்வு, 'இது வெறும் வண்டி' என்று முடிவு செய்கிறது. பின் பிரேக்கை அடைக்கிறது. ஷாக்கிளை நீளமாக்கினாலும், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை கொடுத்து யூ போல்ட்டை நீட்டினாலும், காற்றுப் பை வைத்தாலும் கதை இதுதான்.

நம் கணக்கு வண்டியிலேயே பார்ப்போம். நான் சொன்ன கடுமையில் நிற்க மொத்தம் 1,740 கிலோ அளவு பிரேக் விசை வேண்டும். பின் பிரேக் வெறும் வண்டிக்கான 300 கிலோவோடு நின்றுவிட்டால் பாக்கி 1,440-ஐ முன் சக்கரங்கள் மட்டுமே தர வேண்டும். முன் டயர் மேல் இருக்கும் பாரம் சுமார் 1,570. காய்ந்த தார்ச்சாலையில்கூட டயரால் அந்த விகிதத்தில் பிடிக்க முடியாது. முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலைக்கு இன்னும் மோசம். டயர் பிடிப்பு பாதியாக இருக்கும் மழைச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், நாலு சக்கரமும் தன் பங்கைச் செய்கிற வண்டி சுமார் 28 மீட்டரில் நிற்கும். வால்வு ஏமாந்த வண்டிக்குச் சுமார் 42 மீட்டர் வேண்டும். இது காலைப் பெடலில் வைத்த பிறகு உள்ள கணக்கு. நடுவில் இருக்கும் அந்த 14 மீட்டர் கிட்டத்தட்ட மூன்று பிக்கப் நீளம். அரியாங்குப்பம் கடைத்தெருவில் காலை ஏழு மணிக்கு 14 மீட்டர் என்றால் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பட்டை ஏற்றினால் வண்டி உயரமாகிவிடும், அதனால்தான் பிரேக் கெடுகிறது என்று சிலர் சொல்வார்கள். உயரமும் ஒரு காரணம்தான், ஆனால் சின்னக் காரணம். எடை மையம் 5 சென்டிமீட்டர் ஏறினால் நம் வண்டியில் கூடுதலாக முன்னால் சாய்வது முப்பது கிலோவுக்குள். வால்வு ஏமாறுவதால் இழப்பது நூற்றுக்கணக்கான கிலோ. இந்த விகிதம் தெரியாமல் பேசுவதால்தான் 'ரெண்டு இஞ்சு ஏத்துனா என்னண்ணே ஆகப்போகுது' என்று பட்டறையில் கேட்கிறார்கள். இரண்டு இஞ்சால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அந்த இரண்டு இஞ்சை வால்வு எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதுதான் பிரச்சினை.

மலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கிருந்து மீன் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி பக்கம் ஏறி, திரும்பும்போது காய்கறி லோடோடு இறங்குகிறீர்கள். பின் பிரேக் தூங்கினால் அத்தனை சூட்டையும் முன் டிஸ்க் வாங்கும். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு ஈரத்துக்குப் பஞ்சமா? ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். மலையில் பிரேக் 'திடீரென' போய்விட்டது என்று சொல்கிற பல சம்பவங்களில் திடீர் என்று எதுவுமே இருக்காது.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. பட்டை பழசாகித் தட்டையாகிவிட்டது. வெறும் வண்டியே தாழ்ந்து நிற்கிறது. வால்வு இப்போது எந்நேரமும் லோடு இருப்பதாக நினைத்துப் பின் பிரேக்கை முழுதாகத் திறந்துவிடும். கடலூரில் மீனை இறக்கிவிட்டு மழையில் காலியாகத் திரும்புகிறீர்கள், சுண்ணாம்பாற்றுப் பாலத்தருகே ஒரு பிரேக், வாலை வீசுகிறது. டயர் சரியில்லை என்று டயரை மாற்றுவீர்கள்.

மீன் வண்டிக்கென்றே ஒரு தனி நோய் இருக்கிறது. இதை எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐஸ் உருகுகிற தண்ணீர் எங்கே போகிறது? தொட்டியின் இடுக்கு வழியாக நேரே சேஸிஸ் மேல், ஹவுசிங் மேல், வால்வின் நெம்புகோல் மேல். உப்பும் மீன் செதிலும் கலந்த தண்ணீர். நெம்புகோல் சுழலும் முளையில் துரு ஏறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, ஒருநாள் நின்ற இடத்தில் நின்றுவிடும். காலி நிலையில் இறுகினால் லோடில் பிரேக் இல்லை. லோடு நிலையில் இறுகினால் காலியில் வால் வீசும். நான் பார்த்த ஒரு வண்டியில் இணைப்புக் கம்பி அறுந்து போய், நெம்புகோலை மேலே தூக்கிச் செம்புக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். கட்டியவர் கெட்டிக்காரர்தான், லோடில் பிரேக் நன்றாகவே பிடித்திருக்கும். மழையில் காலியாக வரும்போது என்ன ஆகும் என்பதை அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வால்வையே கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை நேராக இணைப்பதும் அதே ரகம். 'பைபாஸ் போட்ட பிறகு சும்மா கல்லு மாதிரி நிக்குதுண்ணே' என்பார்கள். நிற்கும், லோடு இருக்கும்வரை. உங்கள் ஓட்டத்தில் பாதி தூரம் காலி வண்டிதானே?

ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். பொலிரோ கேம்பரில் நாலு சக்கர ஓட்டம் உள்ளதை வாங்கி மணல்வரை இறங்குகிறீர்கள். ஃபோர் வீல் போட்டதும் முன் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும். அந்த நிலையில் பின் அச்சு மட்டும் தனியாகப் பூட்ட முடியாது. முன் அச்சும் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். முன் பிரேக்கின் பலம் பின் சக்கரத்துக்கும் போய்ச் சேரும். ஆகவே மணலில் ஃபோர் வீல் போட்டு பிரேக்கைச் சோதித்துவிட்டு 'நம்ம வண்டி பரவாயில்லை' என்று சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. தார்ச்சாலை ஏறி லீவரைத் தள்ளி டூ வீலுக்கு வந்த நொடியில் அந்த உதவி போய்விடும், பழைய குறை அப்படியே வெளியே வரும். தார்ச்சாலையில் ஃபோர் வீலிலேயே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸ் திருப்பங்களில் தாங்காது. இந்த வண்டிகளில் பெரிய டயர் போடும் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. டயர் பெரிதானால் அதே டிரம் தரையில் தருகிற பிடி குறையும்.

'தார்' ஜீப் போன்ற புதிய வண்டி வைத்திருக்கும் இளைஞர்கள் தப்பித்தார்கள், ஓரளவுக்கு. ஏ.பி.எஸ்., இ.பி.டி. உள்ள வண்டியில் இந்தப் பங்கீட்டைச் செய்வது இடைவெளியை அளக்கும் கம்பி இல்லை. ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று பார்த்துக் கணினி செய்கிறது. பட்டையோ சுருளோ மாற்றி அதை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. கம்பி உள்ள வண்டி உங்களிடம் இருக்கும்வரை கம்பியைக் கவனித்துத்தான் ஆக வேண்டும்.

எஃப்சி பாஸாகிறதே என்று கேட்பீர்கள். பாஸாகும். எஃப்சிக்கு யாராவது ஒரு டன் ஐஸை ஏற்றிக்கொண்டு போகிறோமா? காலி வண்டியில் பின் பிரேக் குறைவாகப் பிடிப்பதுதான் முறை. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பதும் அந்தக் காலி வண்டியைத்தான். லோடில் மட்டும் வெளிப்படும் நோயை அங்கே யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சட்டம் வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இப்படிப்பட்ட மாற்றத்தைத்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்? பட்டை தட்டையாகிவிட்டால் அதே கனம், அதே எண்ணிக்கையில் கம்பெனி செட்டைப் போடுங்கள். கூடுதல் பட்டை போட்டே தீருவேன் என்றால், அதே நாளில் வால்வையும் அமைக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் கம்பியின் நீளத்தையோ பிராக்கெட்டையோ நகர்த்த இடம் விட்டிருப்பார்கள். ஆனால் கண்ணளவில் நகர்த்தக் கூடாது. முன் சக்கரத்தில் ஒரு அழுத்தமானி, பின் சக்கரத்தில் ஒன்று. அந்த மாடலின் பட்டறைக் கையேட்டில் இவ்வளவு லோடுக்கு முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு என்று எழுதியிருக்கும். அது வரும்வரை அமைக்க வேண்டும். மீட்டர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இன்னொரு சங்கடமும் இருக்கிறது: விறைப்பான பட்டையில் நெம்புகோல் நகரும் தூரமே சுருங்கிவிடுவதால், லோடுக்குச் சரியாக அமைத்தால் காலிக்குச் சரிவராது, காலிக்கு அமைத்தால் லோடுக்குச் சரிவராது. முழுத் தீர்வு இல்லை. அதனால்தான் கூடுதல் பட்டையே வேண்டாம் என்கிறேன்.

நீங்களே பார்க்கக்கூடிய அறிகுறிகளும் உண்டு. முன் பேட் அடிக்கடி தேய்ந்து, பின் லைனர் வருஷக்கணக்கில் புதுசு போலவே இருக்கிறதா? லோடோடு ஓடி வந்து நிறுத்தியதும் முன் சக்கரத்தருகே கை வைக்க முடியாத அனல், பின் டிரம் சும்மா இருக்கிறதா? சந்தேகப்படுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் வால்வையும் நெம்புகோலையும் கழுவுங்கள். உருகும் தண்ணீர் வெளியேறத் தொட்டியின் பின்கோடியில் ஒரு குழாய் வைத்து, அது அச்சின் மேல் கொட்டாதபடி திருப்பிவிடுங்கள்.

இனி பேச்சு போதும். வெளியே ஒரு பிக்கப்பைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு வைத்திருக்கிறோம். ஜாக்கி போடவில்லை. முதலில் காலி வண்டியில் நெம்புகோல் நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் குறிப்போம். சேஸிஸுக்கும் ஹவுசிங்குக்கும் இடைவெளியை டேப் வைத்து அளப்போம். பிறகு ஐஸ் பெட்டிகளை ஏற்றி மறுபடி அளப்போம். அடுத்தது, கூடுதல் பட்டை போட்ட வண்டி. அதன் உரிமையாளர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், அவரே சம்மதித்துக் கொண்டுவந்திருக்கிறார். அதிலும் அதே பெட்டிகள். அடியில் படுத்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்; பட்டறைத் தம்பிகள் யாராவது முன்னால் வாருங்கள்.